உறக்கத்தில் நின்று மீண்டும் தொடரும் மூச்சு

இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “தூங்கும்போது மூச்சு சற்று நேரம் நின்றுவிடுகிறது, பிறகு தானாகவே வருகிறது. இது ஏன்?” அருகில் விழித்திருப்பவருக்கு அந்தச் சில நொடிகளே மிக நீண்டவையாகத் தோன்றும். நோயாளிக்கோ காலையில் பெரும்பாலும் எதுவும் நினைவிருப்பதில்லை. ஆகவே இதனை மருத்துவரிடம் எடுத்துச் சொல்லக்கூடியவர் உடனிருந்து கவனிப்பவரே.

இந்த மூச்சுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் மெல்லிய மூச்சு. பின்பு படிப்படியாக ஆழம் கூடும். உச்சத்தை எட்டியபின் படிப்படியாகக் குறைந்து, 10 நொடியோ அதற்கு மேலோ நின்றுவிடும். பிறகு அதே சுற்று மீண்டும் தொடங்கும். டப்ளின் நகர மருத்துவர்களான ஜான் செய்ன் 1818ஆம் ஆண்டிலும், வில்லியம் ஸ்டோக்ஸ் 1854ஆம் ஆண்டிலும் இதனை விவரித்து எழுதினர். அவர்கள் பெயராலேயே இது ‘செய்ன்-ஸ்டோக்ஸ் மூச்சு’ எனப்படுகிறது.

மூச்சை ஆள்வது எது?

ஆக்சிஜன் குறைவதால்தான் மூச்சு விடத் தோன்றுகிறது என்று பலரும் எண்ணுகிறோம். இயல்பான நிலையில் மூச்சின் அளவை முதன்மையாக நிர்ணயிப்பது கரியமில வாயுவே. தமனி இரத்தத்தில் அதன் அழுத்தம் 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்க வேண்டும். மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலும், கழுத்துத் தமனிகளின் அருகிலும் உள்ள உணர்விகள் இதனை இடைவிடாது கண்காணிக்கின்றன. கரியமில வாயு கூடினால் மூச்சு வேகமும் ஆழமும் பெறும், குறைந்தால் தணியும்.

இதில் மூளையின் இரத்தக் குழாய்களுக்கும் பங்கு உண்டு. கரியமில வாயு கூடும்போது அவை விரிகின்றன. கூடுதலாகப் பாயும் இரத்தம், முகுளத்தில் சேரும் வாயுவை அடித்துச் சென்றுவிடுகிறது. வாயு குறையும்போது அவை சுருங்குகின்றன. முகுளத்தில் உள்ள வாயு சற்றே தங்கி நிற்கிறது. இதனால் மூச்சு அளவுக்கு மீறிக் கூடுவதுமில்லை, திடீரென அடங்குவதுமில்லை.

இதயம் தளரும்போது

இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுவிட்டது என்று பொருளன்று; தேவையான அளவு இரத்தத்தை வெளித்தள்ள அது திணறுகிறது என்பதே பொருள். அப்போது மூன்று மாற்றங்கள் ஒன்றுசேர்கின்றன. நுரையீரலில் நீர்த்தேக்கம் ஏற்பட்டு மூச்சு மிகுதியாகத் தூண்டப்படுவதால் கரியமில வாயு முன்கூட்டியே தாழ்ந்திருக்கிறது. இரத்தம் மெதுவாகச் செல்வதால் நுரையீரலில் நிகழ்ந்த மாற்றம் உணர்விகளை எட்டத் தாமதமாகிறது. மூளையின் இரத்தக் குழாய்கள் விரிந்து சுருங்கும் திறனும் மங்குகிறது.

ஆடும் ஊஞ்சலை அடக்க நீட்டிய கை நேரந்தவறிப் பட்டால், ஆட்டம் மேலும் கூடுமல்லவா? இங்கும் அதுவே நிகழ்கிறது. விழித்திருக்கையில், வாயு குறைந்தாலும் விழிப்புநிலையே மூச்சைத் தொடரச் செய்யும். உறக்கத்தில் அந்தத் துணை இல்லை. கரியமில வாயு சில மில்லிமீட்டர் குறைந்தாலே மூச்சு நிற்கிறது. வாயு மீண்டும் சேர்ந்ததும் தொடங்குகிறது.

குறட்டையிலிருந்து வேறுபாடு

தொண்டை அடைபடுவதால் மூச்சு தடைபடுவோருக்குப் பெரும்பாலும் பலத்த குறட்டை இருக்கும். காற்று செல்லாதபோதும் நெஞ்சும் வயிறும் முயன்றுகொண்டே இருக்கும். செய்ன்-ஸ்டோக்ஸ் மூச்சில் இடைவெளியின்போது நெஞ்சு அசைவற்றிருக்கும். ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். உறக்கப் பரிசோதனை இதனைத் தெளிவாக்கும். பக்கவாதத்திற்குப் பின்னரும் இவ்வகை மூச்சு காணப்படுவதுண்டு.

நீங்கள் செய்யக்கூடியவை

இரண்டு மூன்று சுற்றுகளைக் கைபேசியில் காணொளியாகப் பதிவு செய்யுங்கள். மூச்சு எத்தனை நொடி நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அண்மையில் எடை கூடியதா, கால் வீங்கியதா, தட்டையாகப் படுக்க முடியவில்லையா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதய நோய் கட்டுக்குள் இல்லை என்பதன் அடையாளமாக இம்மூச்சு இருக்கலாம். எனவே சிகிச்சையின் முதற்படி இதயத்தைச் சீர்செய்வதே. மாத்திரைகளையும் உப்புக் கட்டுப்பாட்டையும் இடையில் நிறுத்த வேண்டாம். தலையை உயர்த்திப் படுப்பதும், ஒருக்களித்துப் படுப்பதும் சிலருக்கு உதவும்.

தூக்க மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் தர வேண்டாம். பிறருடைய மூச்சுக் கருவியை இரவல் வாங்கிப் பொருத்தவும் வேண்டாம். மூச்சுக்கேற்பத் தானே அழுத்தத்தை மாற்றிக்கொள்ளும் ஒருவகைக் கருவி, இதயத்தின் வெளித்தள்ளும் திறன் 45 விழுக்காடும் அதற்குக் கீழும் உள்ளவர்களிடம் சோதிக்கப்பட்டது. அதனைப் பயன்படுத்தியோரிடையே இதய நோயால் நேர்ந்த இறப்புகள் கூடுதலாக இருந்தன என்பதை 2015ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. மூச்சு சீராகத் தோன்றுவது மட்டுமே நலத்தின் அளவுகோல் அன்று.

எப்போது காத்திருக்கக் கூடாது?

எழுப்பினாலும் விழிக்காவிட்டால், உதடு நீலமானால், மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ தோன்றினால், முகம் கோணினாலோ பேச்சு குழறினாலோ உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். நின்ற மூச்சு திரும்பவில்லை எனில் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது.

இவை எவையும் இல்லாமல், முதன்முறையாக இம்மூச்சைக் கவனித்திருந்தால், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் உங்கள் மருத்துவரை ஓரிரு நாட்களில் சந்தியுங்கள். நோயாளி அறியாத அந்த நேரத்தில் நீங்கள் கண்டதே எங்களுக்குக் கிடைக்கும் முதற்சான்று.