மெழுகு காத்த வெண்மை

மெழுகு என்றதும் பீடத்தில் எரியும் திரியே நம் நினைவுக்கு வருகிறது. அதே தேன்மெழுகுதான் பதினெட்டாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையின் கைத்தறித் துணிகளுக்கு அழியாத அழகைத் தந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அத்துணிகள் இன்றும் போற்றிப் பாதுகாக்கப்படுகின்றன.

அவுரிச் செடியிலிருந்து எடுக்கப்படும் நீலம் தண்ணீரில் கரையாது. தாழியில் இட்டுப் புளிக்க வைத்தால்தான் அது கரைந்து நூலைப் பற்றும். தாழியினின்று எடுக்கும்போது பசுமை கலந்த மஞ்சளாகத் தோன்றும் துணி, காற்றுப் பட்டதும் நீலமாக மாறும். இவ்வாறு விரைவில் மாறிவிடுவதால், நீலத்தைத் தூரிகையால் தீட்டுவது மிகக் கடினம்.

எனவே நம் கைவினைஞர் வேறு வழி கண்டனர். நீலம் வேண்டிய இடங்களை மட்டும் விட்டுவிட்டு, ஏனைய பரப்பு முழுவதையும் உருக்கிய மெழுகால் மூடித் துணியைத் தாழியில் தோய்த்தனர். பின்னர்க் கொதிநீரில் இட்டபோது மெழுகு உருகி மிதந்தது. அது மூடியிருந்த இடம் சாயம் ஏறாமல் நின்றது. இதழின் நடுவே மயிரிழை போன்ற வெண்கோடு வேண்டுமெனில், அதனையும் மெழுகினாலேயே வரைந்தாக வேண்டும். நீலத்தின்மேல் மஞ்சள் தீட்டிப் பச்சையைப் பெற்றனர். அந்த மஞ்சள் காலப்போக்கில் மங்கிற்று. இன்று நீல இலைகளாகக் காண்பவற்றுள் பல, அன்று பச்சை இலைகளே!

இந்நுணுக்கங்களை 1742-இல் விரிவாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பியவர் சேசு சபைக் குருவான தந்தை கெர்து. தம்மிடம் திருமுழுக்குப் பெற்ற தொழிலாளர் சிலரைத் தனித்தனியே வினவி அவர் இவற்றை அறிந்தார். ஐரோப்பியத் தொழில்களுக்கு இவை பயன்படும் என்பது அவர் எண்ணம். அவ்வேளையில் பிரான்சில் இந்திய வண்ணத் துணிகளுக்கு 1686 முதல் தடை இருந்தது. 1759-இல் அத்தடை நீங்கியது. மறு ஆண்டே ஒபர்காம்ப் என்பவர் ழூயி என்னும் ஊரில் துணி அச்சிடும் தொழிலைத் தொடங்கினார். பின்னர் ஐரோப்பிய ஆலைத்துணி நம் சந்தைகளிலேயே வந்து குவிந்தது. 1897-இல் ஜெர்மனியின் செயற்கை நீலமும் விற்பனைக்கு வந்தது. அவுரியின் வாணிகம் வீழ்ந்தது.

தந்தை கெர்துவின் மடல் இல்லையேல், அப்பழந்தொழிலின் பல நுட்பங்களை நாமும் அறிந்திரோம். அதற்காக அவருக்கு நன்றி கூறுவோம். ஆயினும் ஒன்று நம் உள்ளத்தை உறுத்துகிறது. எழுதியவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது. தம் பிழைப்புக்கு ஆதாரமான தொழிலை மறைக்காமல் அவருக்குச் சொல்லிக் கொடுத்த எளியவர்களின் பெயர்களை நாம் அறியோம். அவர்கள் சொன்னதால் விளைந்த ஆதாயத்தில் அவர்களுக்குப் பங்கும் இல்லை.

அன்பார்ந்த குடும்பத்தாரே, நம் பங்குகளிலும் நெசவாளரும் சாயத் தொழிலாளரும் உள்ளனர். திருவிழாவுக்குக் கைத்தறி எடுக்கையில், விலையைக் குறைக்கச் சொல்லுமுன், அதனை நெய்தவர் யார், அவருக்குக் கிடைத்த கூலி எவ்வளவு என்று கேட்டறிவோம். நம் பிள்ளைகளும் அருகிலிருந்து அதைக் கேட்கட்டும்.