நெறி கட்டினால் புற்று பரவியதாகுமா?

கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு வாங்கிப் பழகியவர்கள் கண்ணை மட்டும் நம்பமாட்டார்கள். காய்ந்த பப்பாளி விதையும் மிளகைப் போலவே கறுத்துச் சுருங்கியிருக்கும். தண்ணீரில் போட்டால் விதை மிதக்கும். நல்ல மிளகு அடியில் தங்கும். நுரையீரல் புற்றுநோயிலும் இப்படியொரு உருவ ஒற்றுமை பல குடும்பங்களை நிலைகுலைய வைக்கிறது.

நுரையீரலில் கட்டி உள்ளவருக்குப் பெட் ஸ்கேன் எடுக்கிறார்கள். மூச்சுக்குழாயை ஒட்டிய நிணநீர் முடிச்சுகள், அதாவது நெறிகள், ஒளிர்கின்றன. புற்று பரவிவிட்டது என்று வீடே இடிந்துபோகிறது. அது உண்மையாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

ஏன் ஒளிர்கிறது?

ஸ்கேனுக்கு முன் கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸை ஊசியில் செலுத்துவார்கள். புற்றணுக்கள் அதை மிகுதியாக உறிஞ்சும். கிருமியோடு போராடும் அழற்சி அணுக்களும் அதையே செய்யும். படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

புற்றைப் போலத் தோன்றுபவை

நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது காசநோய். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். சார்காய்டோசிஸ் என்னும் அழற்சி நோய், கல்தூசு, விறகடுப்புப் புகை ஆகியவற்றாலும் முடிச்சு வீங்கும். அரிதாக, நுரையீரல் உறையின் சாதாரண அணுக்கள் முடிச்சுக்குள் போய்த் தங்கிவிடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் அவை புற்றணுக்கள் என்றே தோன்றக்கூடும். கால்ரெட்டினின் முதலிய புரதங்களைக் காட்டும் சாயப் பரிசோதனைகளே அவற்றை அடையாளம் காண உதவும்.

உறுதி செய்வது எப்படி?

நுனியில் அல்ட்ராசவுண்ட் பொருத்திய குழாயை மூச்சுக்குழாய்க்குள் இறக்கி, முடிச்சிலிருந்து ஊசியால் திசு எடுப்பார்கள். 'ஈபஸ்' எனப்படும் இதற்கு நெஞ்சைத் திறக்க வேண்டாம். அதே திசுவில் காசநோய்க் கிருமியையும் தேடலாம். புற்று இல்லை என்று வந்தும் சந்தேகம் நீடித்தால், கழுத்தடியில் சிறிது கீறி முடிச்சை எடுத்துப் பார்ப்பதுண்டு.

ஏன் இவ்வளவு கவனம்?

கட்டி இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க முடிச்சில் புற்று இருந்தால், அது மூன்றாம் நிலையின் பிற்பகுதி. பெரும்பாலும் அறுவை சிகிச்சை செய்யமாட்டார்கள். அங்கிருப்பது வெறும் அழற்சியாக இருந்தும் அதைப் புற்று என்று தவறாக முடிவுசெய்தால், கட்டியை வெட்டியெடுத்துக் குணமாகும் வாய்ப்பு கைநழுவிப் போகும். அதற்காக, காசநோயாகத்தான் இருக்கும் என்று நாமே முடிவுகட்டி நாள் கடத்துவதும் ஆபத்து.

ஆகவே மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: "இந்த முடிச்சிலிருந்து திசு எடுத்துப் பார்த்தாயிற்றா?" சிகிச்சையின் திசையையே மாற்றக்கூடிய கேள்வி அது.