எங்கள் வீட்டுக்கு ஒரு படகு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

'கட்டுமரம்' என்னும் நம் தமிழ்ச் சொல்லைத்தான் ஆங்கிலேயர் 'கட்டமரான்' என்று எடுத்துச்சென்று உலகெங்கும் வழங்கினர். என் பாட்டனார் கட்டுமரத்தில் தொழிலுக்குப் போனவர். என் தந்தையார் பிறர் படகில் பங்குக்குப் போனவர். சென்ற ஆண்டுதான் எங்கள் குடும்பம் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வாங்கத் துணிந்தது. இருட்டோடு புறப்பட்டு அன்றே கரை திரும்பும் சிறு படகு அது.

விலைக்கு இரண்டு படகுகள் வந்தன. ஒன்று 32 அடி நீளம், 5 அடி அகலம், பெரிய மோட்டார். மற்றொன்று 28 அடி நீளம், 6 அடி அகலம், சிறிய மோட்டார். விலையில் பெரிய வேறுபாடு இல்லை. அப்பா என்னைப் பார்த்து, "நீதான் பிசிக்ஸ் படிக்கிறியே, கணக்குப் பாத்துச் சொல்லு தம்பி" என்றார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மாவின் நகைகள் அடகுக்குப் போய்விட்டன. அன்றுபோல் எந்தத் தேர்விலும் எனக்குக் கை நடுங்கியதில்லை. நான் போட்ட கணக்கை நண்பர்களுக்கும் சொல்லுகிறேன்.

முதலில் சுமை. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்கும் என்னும் ஆர்க்கிமிடீஸ் விதியை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். கடல்நீர் ஒரு கன மீட்டர் சுமார் 1,025 கிலோ எடை கொண்டது. 28 அடிப் படகு நீர்மட்டத்தில் அடைத்துக்கொள்ளும் பரப்பு, என் அளவின்படி, சுமார் 9 சதுர மீட்டர். ஆகவே ஒவ்வொரு 92 கிலோவுக்கும் படகு ஒரு சென்டிமீட்டர் தாழும். ஐந்து ஆட்கள், வலை, மோட்டார், எரிபொருள், பிடித்த மீன் எல்லாம் சேர்ந்து ஆயிரம் கிலோ என்றால் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். வெறும் படகைப் பார்த்து 'நல்ல உயரம்' என்று மகிழ்வது தவறு. சுமை ஏற்றிய பின் நீருக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்பதே கேள்வி.

அடுத்தது அகலம். படகு சாயும்போது அதை நிமிர்த்தும் ஆற்றலில் பெரும்பங்கு, நீளத்தையும் அகலத்தின் முப்படியையும் பெருக்கிய தொகையைப் பொறுத்தது. 32 அடிப் படகுக்கு 5 × 5 × 5 × 32 = 4,000. 28 அடிப் படகுக்கு 6 × 6 × 6 × 28 = 6,048. நீளத்தில் நான்கடி குறைந்த படகு, ஓரடி அகலத்தால் ஒன்றரை மடங்கு முந்திவிட்டது! நான்கு பேர் ஒரே பக்கம் நின்று வலை இழுக்கும் தொழிலில் இது சிறிய செய்தியன்று.

மூன்றாவது மோட்டார். அப்பாவுக்குப் பெரிய மோட்டாரின் மேல் ஆசை இருந்தது. முதலில் கரை சேரும் மீனுக்குத்தான் ஏலத்தில் நல்ல விலை. ஆனால் கனமான படகு நீரைக் கிழித்துச் செல்லும்போது தான் எழுப்பும் அலையிலேயே சிக்கிக்கொள்கிறது. நீரில் படும் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் அதன் சிக்கன வேகத்தின் எல்லை நாட்டில் கிடைக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். நீரில் 25 அடி படும் சிறு படகுக்கு 6.7 நாட், 29 அடி படும் பெரிய படகுக்கு 7.2 நாட். பத்துக் கடல் மைல் தூரத்தில் இலாபம் ஆறே நிமிடம்! அதற்கு மேல் விரட்டினால் எரிபொருள்தான் பறக்கும்.

வேறோர் ஆபத்தும் உண்டு. மோட்டாரின் கனம் முழுவதும் பின்புறத்தில். இரண்டாண்டுகளுக்கு முன் என் சித்தப்பா போன படகில், அதன் அளவுக்கு மீறிய மோட்டாரை மாட்டியிருந்தார்கள். கரைக்கு வரும்போது, அலை உடையும் இடத்தில், பின்னாலிருந்து வந்த அலை உள்ளே ஏறிவிட்டது. படகு முழுகியது. காலி கேனைப் பிடித்துக்கொண்டு சித்தப்பா உயிர் தப்பினார்.

அமெரிக்காவில் குடும்பத்தோடு படகில் உலாவி, மாலையில் காரின் பின்னே இழுவண்டியில் படகை ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம். அங்கே 20 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளில் எத்தனை பேர், எவ்வளவு எடை, எத்தனை குதிரைத் திறன் என்று காட்டும் தகடு இருக்கவேண்டும் என்ற விதி 1972 முதல் உண்டு. நான் பார்த்த இரண்டு படகிலும் அத்தகைய தகடு இல்லை. அந்தக் கணக்கை நாங்களேதான் போடவேண்டியிருந்தது.

எங்கள் ஊரில் துறைமுகம் இல்லை. படகை மணலில் இழுத்து ஏற்றவேண்டும். டிராக்டர் வராத நாளில் எங்கள் தோள்களே டிராக்டர். ஆகவே எடை குறைவாகவும், மணலில் சாயாமல் நிற்க அடிப்பகுதி அகன்றும் இருக்கவேண்டும். 1979இல் சென்னையில் தொடங்கிய உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டத்தினர், இக்கரைகளுக்காகவே மணலில் ஏறும் படகுகளை வடிவமைத்தனர்; கரை நெருங்கியதும் சுழல்விசிறியைத் தூக்கிக்கொள்ளும் அமைப்பையும் உருவாக்கினர்.

கட்டுமரம் மரத்துண்டுகளால் ஆனது, கவிழ்ந்தாலும் முழுகாது. ஃபைபரோ நீரைவிடக் கனமானது. நீர் புகுந்தால் அதைத் தாங்க, மூடிய அறைகளில் நுரைப்பொருள் அடைத்திருக்க வேண்டும். 32 அடிப் படகில் அந்த அறையின் திருகாணி ஒன்றைக் கழற்றினேன். தண்ணீர் கசிந்தது. காப்பாற்ற வேண்டிய நுரையே ஊறிச் சுமையாகிக் கிடந்தது.

இவ்வளவும் சொல்லி முடித்தபின் அப்பா ஒன்றும் பேசவில்லை. கழிமுகத்தில் கட்டியிருந்த பெரிய படகில் ஏறி, ஓரத்தில் நின்று ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு, வாய்க்குள் எண்ணினார். படகு சோம்பலாகச் சாய்ந்து மெல்ல நிமிர்ந்தது. சிறிய படகிலும் அப்படியே செய்தார். அது வெடுக்கென்று நிமிர்ந்தது. "இது நிக்கும்" என்றார். ஊசலாடும் நேரத்தைக் கொண்டு கப்பலின் நிலைப்பை அளப்பது கப்பல் பொறியாளர்களின் முறை என்று நான் பிறகுதான் படித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவர் என் தந்தையார்.

அம்மா மட்டும் ஒன்று கேட்டார்: "அலை பெருசா இருக்கிற அன்னிக்கும் திரும்பி வந்துடுமா?" எவ்வளவு வேகம், எவ்வளவு நீளம் என்று கேட்ட எங்களுக்கு, முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான் என்று தோன்றவில்லை.

28 அடிப் படகை வாங்கினோம். கப்பல்களில் சுமைக்கோடு வேண்டும் என்று போராடியவர் ஆங்கிலேய நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால். அவர் முயற்சியால் 1876இல் சட்டம் வந்தது. அதை அப்பாவிடம் சொன்னேன். மறுநாளே என் கணக்குப்படி படகின் இருபுறமும் சிவப்பு வண்ணத்தில் ஒரு கோடு போட்டார்.

சென்ற மாதம் ஒரு நாள் வலை நிறைய மத்தி. அடகுக் கடைக்கு வட்டி கட்டவேண்டிய வாரம் அது. தண்ணீர் கோட்டைத் தொட்டதும், மிஞ்சிய மீனைப் பக்கத்துப் படகுக்கு விட்டுவிட்டு அப்பா கரை வந்து சேர்ந்தார். அம்மா கணக்குக் கேட்கவில்லை. சோறு போட்டார்.