குறைந்த மதிப்பெண்ணுக்கும் காரணம் சொல்லலாம்

60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். அரியர் இருக்கக் கூடாது. தனியார் வேலை அறிவிப்புகளில் இந்த இரண்டு நிபந்தனைகளையும் அடிக்கடி பார்க்கிறோம். படித்த உடனே விண்ணப்பிக்கும் எண்ணத்தையே விட்டுவிடும் பட்டதாரிகள் நம் காலனிகளில் ஏராளம்.

அவர்கள் படித்த விதத்தை நாம் அறிவோம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. கல்லூரியில் முதல் பருவத்திலேயே எல்லாம் ஆங்கிலம். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வந்து சேரும் முன்பே கட்டணக் கெடு வந்துவிடுகிறது. கேட்டரிங், பெயின்டிங் என்று வேலைக்குப் போய்க்கொண்டேதான் பலர் தேர்வு எழுதுகிறார்கள். மதிப்பெண் பட்டியலில் இவை எதுவும் ஏறுவதில்லை.

அரசியலமைப்பின் 335-ஆவது பிரிவில் 2000-ஆம் ஆண்டு செய்த திருத்தம், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு அரசுப் பணிகளின் பதவி உயர்வில் தகுதி மதிப்பெண்ணைத் தளர்த்த இடம் தருகிறது. யுஜிசி நெட் தேர்வெழுத முதுகலையில் பொதுப் பிரிவினருக்கு 55 விழுக்காடு, நமக்கு 50. தனியார் துறையில் இப்படி ஓர் ஏற்பாடு இல்லை. அங்கே நம் நிலைமையை நாமே எழுதித்தான் ஆக வேண்டும்.

விண்ணப்பக் கடிதத்தில் நான்கு வரி போதும். எந்தப் பருவம், என்ன நேர்ந்தது, எப்போது சரியானது, அதன்பின் எடுத்த மதிப்பெண் என்ன? உதாரணமாக: “அப்பா விபத்தில் படுத்ததால் மூன்றாம் பருவத்தில் இரவு வேலைக்குச் சென்றேன். இரண்டு தாள்களில் தேர்ச்சி பெறவில்லை. அடுத்த பருவத்திலேயே இரண்டையும் முடித்தேன். கடைசி இரண்டு பருவங்களில் 71 விழுக்காடு.” கடைசி வரிதான் முக்கியம். தடுமாறிய பிள்ளை எழுந்து நின்றதை அதுதான் காட்டுகிறது.

மருத்துவமனைச் சீட்டு, வேலை பார்த்த இடத்தின் கடிதம் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாதியைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். நடக்காததை எழுத வேண்டாம். இணையப் படிவம் ஏற்கவில்லை என்று 57-ஐ 60 ஆக்கவும் வேண்டாம்; சான்றிதழ் சரிபார்ப்பில் கிடைத்த வேலையும் போய்விடும். நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். மறுத்தாலும் நமக்கு நட்டமில்லை.

கூலி வேலைக்குப் போய்ப் படித்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதை மறைத்தால், பார்ப்பவர் கண்ணுக்குப் படிப்பில் அக்கறையற்ற பிள்ளையாகத்தான் தெரிவோம்.

பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பருவத்தில் அந்த மாணவர் ஏன் வகுப்புக்கு வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கேட்டு வந்தால், அதை ஒரு கடிதமாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.