வள்ளத்து ஸ்டிக்கரைக் கழற்றும்போது...

பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டை உரிப்பதே சில நேரம் பெரும்பாடாகிவிடும். நகத்தால் சுரண்டினால் மேல்தாள் வரும். பசை அப்படியே நிற்கும். அப்படியிருக்க, பத்துப் பன்னிரண்டு வருடம் வெயிலும் உப்புக்காற்றும் தின்ற பெரிய ஸ்டிக்கரை ஒரு வள்ளத்திலிருந்து கழற்றுவதென்றால்?

"அது ஆண்களின் வேலை, எங்களுக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் சகோதரிகளே! மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் ஒலுவிலிலும், பேருவளையிலும் கற்பிட்டியிலும் மன்னாரிலும் எத்தனையோ குடும்பங்களுக்கு வள்ளம்தான் சோறு போடுகிறது. அதை வாங்குவதற்காக அடகுக் கடைக்குப் போனது பெரும்பாலும் உங்கள் காப்பும் மாலையும்தான். ஆகவே அந்த வள்ளத்தைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வதும் வீட்டுக் காரியமே.

ஸ்டிக்கரைக் கழற்றவேண்டிய தேவை பல வழியில் வரும். கைமாறி வாங்கிய வள்ளத்தில் பழைய சொந்தக்காரரின் பெயர் இருக்கும். 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி, நாட்டின் மீன்பிடி வள்ளங்களில் பெரும்பகுதியை உடைத்தும் சிதைத்தும் போட்டது. அதன் பின்னர் உதவியாகக் கிடைத்த பைபர் வள்ளங்கள் பலவற்றின் பக்கங்களில் கொடுத்த நிறுவனத்தின் பெயரும் சின்னமும் பெரிதாக இருந்தன. கொடுத்தவர்களுக்கு நன்றி மனதில் இருக்கட்டும். வள்ளத்துக்கு என்ன பெயர் என்பதைக் குடும்பம் தெரிவு செய்வதில் தவறில்லையே.

வள்ளத்துக்கும் தோல் உண்டு

பைபர் வள்ளத்தின் உடம்பு, கண்ணாடி இழைப் பாயும் பிசினும் சேர்த்து அடுக்கடுக்காக இறுகியது. அதன் வெளிப்புறத்தில் பளபளவென்று நிறத்தோடு தெரிவது ஜெல்கோட் எனப்படும் மேற்பூச்சு. கடல்நீர் உள்ளே இழைகளைத் தொடாமல் காப்பது இதுதான். இதன் தடிப்பு ஏறக்குறைய அரை மில்லிமீற்றர். உங்கள் கைப்பையில் இருக்கும் வங்கி அட்டையைவிட மெல்லியது!

கத்தியாலும் சவர பிளேட்டாலும் அவசரத்தில் சுரண்டுபவர்கள் வெட்டுவது இந்தத் தோலைத்தான். வெட்டு ஆழமாகி இழை வெளியே தெரிந்துவிட்டால், அதன் வழியே ஈரம் மெல்ல மெல்ல உள்ளே ஊறும். இன்று மயிரிழைபோல் தெரியும் கீறல், நாளாக நாளாக அடுக்குகளைப் பலவீனப்படுத்தும். இலவசமாக முடிந்திருக்கவேண்டிய ஒரு வேலை, பைபர் பழுதுபார்ப்பவரின் கூலியில் போய் நிற்கும்.

கை வைக்குமுன்

முதலாவது, பதிவிலக்கம். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடற்றொழில், நீர்வாழ் உயிரினவளச் சட்டத்தின் கீழ் மீன்பிடி வள்ளங்கள் பதிவு செய்யப்படவேண்டும். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய பைபர் வள்ளத்தின் இலக்கம் 'ஓ.எப்.ஆர்.பீ.' என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும். அது ஸ்டிக்கராக இருந்தாலும், பூச்சாக இருந்தாலும் தொடாதீர்கள். மங்கிப்போய்ப் புதிதாக எழுதவேண்டுமானால், பழையதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, பிரதேச கடற்றொழில் பரிசோதகரிடம் கேட்டபின் செய்யுங்கள்.

இரண்டாவது, அது உண்மையில் ஸ்டிக்கர்தானா என்று பாருங்கள். ஓரத்தில் விரலை ஓட்டினால் ஸ்டிக்கரின் விளிம்பு தட்டுப்படும். நகத்துக்குச் சற்றே கிளம்பும். அப்படியில்லாமல் மேனியோடு மேனியாக இருந்தால் அது பெயின்ட். அதற்கு இங்கே சொல்லும் முறை உதவாது.

மூன்றாவது, நல்ல தண்ணீரும் சவர்க்காரமும் போட்டு உப்பையும் மணலையும் கழுவித் துடைத்துவிடுங்கள். ஒட்டியிருக்கும் ஒரு மணற்பருக்கை போதும், தேய்க்கும்போது மேனியெங்கும் கோடு கிழிக்க.

சூடு காட்டுங்கள், மெல்ல இழுங்கள்

ஸ்டிக்கர் செய்யப்படும் வினைல் என்பது பீ.வீ.சீ. பிளாஸ்டிக். அதை வளையும்படி வைத்திருப்பது அதில் கலந்துள்ள மென்மையாக்கிகள். வெயிலில் வருடக்கணக்காக இவை வெளியேற, வினைல் காய்ந்த அப்பளம்போல் ஆகிவிடும். அதனால்தான் இழுத்தால் துண்டு துண்டாக உடைகிறது. சூடு பட்டால் வினைலும் இளகும், கீழே உள்ள பசையும் பிடி தளரும்.

தலைமுடி காயவைக்கும் ஹெயார் டிரையர் வீட்டில் இருந்தால் அதுவே போதும். ஒரு மூலையில் ஒரு சாண் அளவு இடத்தை மட்டும் எடுத்து, காற்றை ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்து அசைத்துச் சூடாக்குங்கள். புறங்கை பொறுக்கும் சூடு சரியான சூடு. அதற்கு மேல் போனால் வினைல் பஞ்சுமிட்டாய்போல் இழுபட்டு, பசை முழுதும் வள்ளத்திலேயே தங்கிவிடும். பெயின்ட் உரிக்கும் ஹீட் கன் வேண்டாம். அதன் கடும் வெப்பத்தில் ஜெல்கோட் நிறம் மாறும், கொப்புளமும் போடும்.

மூலை கிளம்பியதும் ஸ்டிக்கரை உங்களை நோக்கி நேராக இழுக்காதீர்கள். அதைப் பின்னுக்கு மடித்து, வள்ளத்தின் மேனியை ஒட்டியபடியே மெதுவாக இழுங்கள். ஒருவர் சூடு காட்ட, மற்றவர் இழுத்தால் வேலை சுகமாக நடக்கும். உடைந்து நிற்கும் துண்டுகளைக் கிளப்பப் பழைய தொலைபேசி அட்டையோ, ஐஸ்கிரீம் பெட்டி மூடியில் வெட்டிய துண்டோ போதும். பிளாஸ்டிக்கை பிளாஸ்டிக்கால் சுரண்டினால் தோல் தப்பும்.

கரையில் மின்சாரம் இல்லையா? வெயில் ஏறிய பக்கத்தை முதலில் எடுங்கள். அல்லது தடித்த துணியைச் சுடுநீரில் நனைத்து, கையுறையோடு பிழிந்து, ஸ்டிக்கரின் மேல் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஈர மணலில் வெறுங்காலோடு நின்று, நீட்டிய வயரில் டிரையரை இயக்குவது உயிருக்கு ஆபத்து. டிரையர்தான் வேண்டுமென்றால் வள்ளத்தைக் காய்ந்த இடத்துக்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

மிஞ்சிய பசைக்கு

ஸ்டிக்கர் போனபின் கைக்கு ஒட்டும் பசை மிஞ்சும். முதலில் சமையலறை வைத்தியத்தைப் பாருங்கள். தேங்காய் எண்ணெயும் அப்பச்சோடாவும் சம அளவில் குழைத்துப் பூசி, சற்று நேரம் ஊறவிட்டுத் துணியால் தேயுங்கள். இளம்பசைக்கு இது போதும்.

முற்றிய பசைக்கு மண்ணெண்ணெய் தோய்த்த துணியை ஐந்து நிமிடம் வைத்து, அட்டையால் வழித்தெடுங்கள். கையுறை அணியுங்கள், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். எதைப் பூசுவதானாலும் மறைவான ஓரத்தில் உள்ளங்கையளவு பூசிப் பார்த்து, நிறம் மங்கவில்லை என்று கண்டபின் மற்ற இடத்துக்குப் போங்கள். வேலை முடிந்ததும் சவர்க்கார நீரால் நன்றாகக் கழுவவேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் புதிய பெயின்டும் பிடிக்காது, புதிய ஸ்டிக்கரும் நிற்காது.

பெயின்ட் தின்னர் வேண்டாம். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் பெரும்பாலும் இருக்கும் அசிட்டோனும் அப்படித்தான்: ஜெல்கோட்டில் ஊறவிட்டால் மினுக்கம் போகும், பெயின்ட் பூசிய வள்ளமானால் பெயின்டே கரைந்து வரும். பெற்றோலை நினைத்தும் பாராதீர்கள். மண்ணெண்ணெய் உட்பட இவை எதையும் சூடு காட்டும்போது பக்கத்தில் வைக்கக்கூடாது. சூட்டு வேலை முழுதும் முடிந்து, டிரையரை எடுத்து வைத்தபின்னரே மூடியைத் திறவுங்கள்.

இன்னொரு முக்கியமான விடயம். மிஞ்சிய மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி மூலையில் வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. தண்ணீர் என்று நினைத்துக் குழந்தை ஒரு மிடறு குடித்தாலும் அது நுரையீரலுக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு அது மீண்டும் நுரையீரலுக்குள் இறங்கும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பெயர் போனது, சுவடு போகவில்லையே!

எல்லாம் துடைத்தபின்னும் பழைய எழுத்து அப்படியே தெரியும். பசைதான் இன்னும் இருக்கிறதென்று எண்ணிப் பலர் மீண்டும் சுரண்டத் தொடங்குவார்கள். அது பசையல்ல. ஸ்டிக்கர் மூடியிருந்த இடம் வெயில் படாமல் பழைய நிறத்தோடு இருக்கிறது; சுற்றியுள்ள இடம் வெளிறிவிட்டது. கையால் தடவிப் பாருங்கள், வெளிறிய பக்கத்தில் சுண்ணாம்புபோல் வெள்ளைப் பொடி ஒட்டும்.

ஆகவே வேலை செய்யவேண்டியது எழுத்தில் அல்ல, அதைச் சுற்றியுள்ள இடத்தில். பொலிஷ் கொம்பவுண்ட் போட்டுத் துணியால் வட்டவட்டமாகத் தேய்த்தால் வெளிறிய படலம் நீங்கி நிறம் மேலே வரும். அதன்மேல் மெழுகுப் பொலிஷ் பூசினால் வெயிலுக்கும் உப்புக்கும் ஒரு திரை. மிகப் பழைய சுவடு முற்றாக மறையாது. அதை மறைக்கவென்று கிறைண்டரும் முரட்டு சாண்ட் பேப்பரும் பிடித்தால், முன்சொன்ன அரை மில்லிமீற்றரில்தான் கை வைக்கிறோம். அந்த இடத்தில் புதிய பெயரை எழுதிவிடுவதே புத்தி.

உரித்த துண்டுகளைக் கடலில் போடவேண்டாம். முற்றத்துக் குப்பையோடு எரிக்கவும் வேண்டாம். பீ.வீ.சீ. எரிந்தால் கண்ணையும் நெஞ்சையும் அரிக்கும் நச்சுப்புகை வரும். ஒரு பையில் கட்டிக் குப்பை வண்டியில் கொடுத்துவிடுங்கள்.

இதே முறை உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கும், கண்ணாடி அலுமாரிக்கும், பிள்ளைகளின் மேசைக்கும் பொருந்தும். அங்கே ஒன்று பிழைத்தால் ஒரு கீறலோடு போய்விடும். வள்ளத்தில் கீறல் விழுந்தால், நடுக்கடலில் அதை நம்பி இருப்பவர் உங்கள் வாப்பாவோ, கணவரோ, மகனோ அல்லவா? அடுத்த முறை வீட்டில் யாராவது கத்தியோடு வள்ளத்தடிக்குக் கிளம்பினால், கையில் ஹெயார் டிரையரைக் கொடுத்து அனுப்புங்கள்.