பொருளும் பெயரும்: நூலகக் கண்காட்சிகளின் மொழிப்பணி

'கண்காட்சி' என்னும் சொல்லின் அமைப்பை மட்டும் நோக்கினால், அது கண்ணுக்கு மட்டுமே உரிய நிகழ்வு என எண்ணத் தோன்றும். ஆயினும் கலைக்கூடத்திலோ நூலகத்திலோ ஒரு பொருளின் முன் நிற்பவர் முதலில் கேட்பது, "இது என்ன?" என்பதே. அவ்வினாவுக்கு விடை தருவது மொழி. இவ்வுண்மை மலாக்கா மாநிலத்து மெர்லிமாவ் வட்டாரத் தமிழர்க்கு ஏன் இன்றியமையாதது என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

எழுத்தும் ஓவியமும்

பரிபாடலின் 19ஆம் பாடல், திருப்பரங்குன்றத்திற்குச் சென்றோர் அங்கிருந்த ஓவிய மண்டபத்தைக் கண்டதை விரித்துரைக்கிறது. காமன், இரதி, இந்திரன், அகலிகை, கௌதமன் ஆகியோர் அங்கே தீட்டப்பட்டிருந்தனர். காண்போர் வினவ, அறிந்தோர் இன்னார் எனச் சுட்டி விளக்கினர். ஓவியத்தைக் குறிக்க அப்பாடல் ஆளும் சொல் 'எழுத்து' என்பதாகும். பண்டைத் தமிழில் எழுதுதல் என்பது வரைதலையும் குறித்தது. காட்சியும் விளக்கமும் இணைந்தே செல்லும் மரபு நமக்குப் புதியதன்று. அன்று உடன் நின்றவர் வாய்மொழியாகச் சொன்னதை இன்று சொல்வது, பொருளின் அருகே வைக்கப்படும் விளக்க அட்டை.

நூலகத்துள் மக்களின் பொருள்கள்

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. மீளக் கட்டப்பட்ட அதே நூலகத்தில் 2004ஆம் ஆண்டு 'அகம் புறம்' என்னும் கலைக்கண்காட்சி நடைபெற்றது. அதில் ஓவியர் தா. சனாதனன், யாழ்ப்பாணத்து மக்களிடமிருந்து திரட்டிய அன்றாடப் பொருள்களைக் காட்சிக்கு வைத்தார். வீட்டுக்குள் இருந்த பொருள் அகத்திற்கு உரியது. அது கடந்து வந்த போரோ புறத்திற்கு உரியது. சங்க இலக்கியம் பயின்றோர்க்குக் கண்காட்சியின் பெயரே நல்லதொரு விளக்கமாக அமைந்தது. நூல்களை இழந்த இடத்தில், நூலில் ஏறாத மக்கள் வரலாறு பொருள்களின் வழியே இடம்பெற்றது. நூலகம் ஏடுகளுக்கு மட்டும் உரியதன்று, நினைவுகளுக்கும் உரியது என்பதற்கு இது தக்க சான்று.

மலாக்கா செட்டிகள் தரும் பாடம்

நம் மாநிலத்திற்கு வருவோம். மலாக்கா சுல்தான்கள் காலத்திலேயே இங்குக் குடியேறிய தமிழ் வணிகர்தம் வழித்தோன்றல்கள் மலாக்கா செட்டிகள். 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் அவர்களுடையது. சைவ வழிபாட்டை விடாது காத்துவரும் இவர்களின் வீட்டுமொழி மலாய் ஆயிற்று. காஜா பெராங்கில் இவர்கள் மாரியம்மனுக்கு எடுக்கும் விழாவுக்கு 'டத்தோ சாச்சார்' என்று பெயர். 'சாச்சார்' என்பது அம்மைநோயைக் குறிக்கும் மலாய்ச் சொல். வழிபாடு நின்றுவிடவில்லை, அதன் பெயர் மட்டும் வேறு மொழிக்கு மாறிற்று.

2018ஆம் ஆண்டு சிங்கப்பூர் இந்திய மரபுடைமை நிலையம் இச்சமூகத்தைப் பற்றிய சிறப்புக் கண்காட்சியைத் தொடங்கியது. அத்தகைய காட்சியில் ஆடையையும் அணிகலனையும் பாத்திரத்தையும் காணலாம். ஆனால் அவற்றை முன்னோர் தமிழில் எவ்வாறு அழைத்தனர் என்பதை வழங்கிவந்த நாவே மாறிய பின்னர் முழுமையாக மீட்டெடுப்பது அரிது. பொருளின் ஆயுள் வேறு, சொல்லின் ஆயுள் வேறு. இதுவே நாம் இங்குப் பெறும் பாடம்.

தோட்டப்புறச் சொற்கள்

மலாயாவில் இரப்பர் வணிகப் பயிராக முதன்முதலில் நடப்பட்டது மலாக்காவிலேயே. 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் அதைத் தொடங்கினார். பின்னர்த் தோட்டங்கள் பெருகின. தமிழ்த் தொழிலாளர் குடியேறினர். இரப்பர் பல இடங்களில் செம்பனைக்கு வழிவிட்டது; மக்கள் சிறுநகரங்களுக்குப் பெயர்ந்தனர். அவர்கள் வளர்த்த சொற்கள் இன்று முதியோர் நாவிலேயே பெரிதும் வாழ்கின்றன.

சிலவற்றை நோக்குவோம். விடியுமுன் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் பதியும் நிகழ்ச்சி 'பெரட்டு'. இது 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. இலங்கை மலையகத்திலும் வழங்குவது. பால்வாளிகளைத் தோளில் சுமக்க உதவும் கட்டை 'காண்டா'. 'நாசி கண்டார்' என்னும் உணவுப் பெயரில் உள்ள மலாய்ச் சொல்லோடு இது தொடர்புடையது. குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் 'ஆயாக்கொட்டகை'. இதில் 'ஆயா' போர்த்துகீசிய மூலமுடையது. 'கொட்டகை' தமிழில் வழங்கும் சொல். மரத்தில் வெட்டிய கோட்டின்மீது உறைந்து நிற்கும் பால் 'கோட்டுப்பால்'. இக்கலைச்சொல்லை ஆக்கியது எந்தக் குழுவும் அன்று. மரம் வெட்டிய மக்களே ஆக்கினர்.

இனி, ஒரு காண்டாக்கட்டையைக் கண்காட்சியில் வைத்து, 'பால் சுமக்கும் தடி' என மட்டும் எழுதினால் என்ன நேரும்? தமிழ் தூயதாகவே இருக்கும். ஆனால் மலாய்க்காரரோடும் ஆங்கிலேயரோடும் பழகி வாழ்ந்த ஒரு சமூகத்தின் வரலாறு அவ்வட்டையிலிருந்து நீங்கிவிடும்.

மாணவரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

பள்ளி நூலகத்தின் ஒரு மேசையே இத்தகைய கண்காட்சிக்குப் போதும். மாணவர் தம் வீட்டிலிருந்து ஒரு பழம்பொருளைக் கொணரலாம். பொருள் இல்லையெனில் முதியோர் சொல்லக் கேட்டு வரையலாம். ஒவ்வொன்றுக்கும் மூன்று பகுதிகள் கொண்ட அட்டை வேண்டும். முதற்பகுதியில், பொருளை வழங்கியவர் சொன்ன பெயர், அவர் ஒலித்தவாறே இடம்பெற வேண்டும். அடுத்து, செந்தமிழில் இரண்டு வரி விளக்கம். மூன்றாவதாக, பிற இனத்தாரும் அறியுமாறு மலாய் விளக்கம். வழங்கியவர் உடன்பட்டால் அவர் குரலையும் பதிவு செய்யலாம்.

இதில் ஆசிரியர் கருத்தில் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. பாட்டி சொன்ன சொல்லைக் கொச்சை எனத் திருத்திவிடலாகாது. செந்தமிழ் விளக்கத்திற்கு இரண்டாம் பகுதியில் உரிய இடம் இருக்கிறது. முதற்பகுதி பாட்டிக்கு உரியது. கண்காட்சி முடிந்தபின் பொருள்கள் வீடு திரும்பும். அட்டைகளைத் தொகுத்து அகர வரிசைப்படுத்தி நூலகத்தில் வைத்தால், அதுவே அவ்வட்டாரத்தின் சொல்லகராதி ஆகும்.

தோட்டத்தில் வாழ்ந்த தலைமுறை நம்மிடையே இருக்கும்போதே இப்பணி நடைபெற வேண்டும். கேட்டுக் குறித்துக்கொள்ள இன்னும் காலம் உள்ளது. ஆனால் அது நெடுங்காலம் அன்று.