பெற்றோருக்கு முதுகுவலி: எப்போது அவசரம்?

வயதானால் முதுகு வலிக்கத்தான் செய்யும் என்று தைலம் தேய்த்துக்கொண்டு சும்மா இருந்துவிடும் பெற்றோர் உண்டு. முதுகுவலியோடு கால் வலுவிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கட்டுப்பாடின்றிப் போனாலோ நரம்பு நசுங்கியிருக்கலாம். உடனே 995ஐ அழையுங்கள். கீழே விழுந்தபின் கடும் வலி என்றால் எலும்பு முறிந்திருக்கலாம்; அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மற்ற வலிக்கு முதலில் பலதுறை மருந்தகம் செல்லுங்கள். அதன் பரிந்துரைக் கடிதம் இருந்தால், சைனாடவுனை அடுத்த ஊட்ரமில் உள்ள சிங்கப்பூர் பொது மருத்துவமனை போன்றவற்றில், சிங்கப்பூரர்கள் சலுகைக் கட்டணத்தில் சிறப்பு மருத்துவரைப் பார்க்கலாம்.

வலி தொடங்கிய நாள், இடம், சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவற்றைப் பெற்றோரிடம் தமிழில் கேட்டு எழுதி எடுத்துச் செல்லுங்கள். செலவு கவலையா? மருத்துவமனையின் மருத்துவ சமூக ஊழியரைக் கேளுங்கள். வீடு திரும்பியதும் படுத்தே கிடக்கவிடாமல், மருத்துவர் சொன்ன அளவு நடக்கத் துணை நில்லுங்கள்.